மாதிரிக்கு எந்த அளவீடு சாட்சி?



கணினி மாதிரி ஒன்று சரியாகக் கணிக்கிறதா என்று பார்க்கக் களத்தில் அளந்த தரவு வேண்டும். கையில் கிடைக்கும் அளவீடெல்லாம் அதற்கு உதவாது. கேமரன் மலையின் பெர்த்தாம் ஆற்றுப்படுகையில் ஆண்டுக்கு எவ்வளவு மண் அரித்துப் போகிறது என்று கணிக்கும் மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். அந்த மண், 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வந்து படிகிறது.

மாதிரி கணிப்பதும் கருவி அளப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஆற்றுநீரைப் போத்தலில் மொண்டு, வடிதாளில் வடித்து, உலர்த்தி எடை போட்டால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மண் என்று தெரியும். அது அந்த நேரத்து அளவு மட்டுமே. மண்ணின் பெரும்பகுதி சில கனமழை நாள்களில் இறங்கிவிடும். வெயில் நாளில் மொண்ட நீரை வைத்து ஆண்டுக் கணக்கைச் சோதித்தால், நல்ல மாதிரியும் மிகையாகச் சொல்வதுபோல் தெரியும்.

ஆண்டுக் கணக்குக்கு ஏற்றது நீர்த்தேக்கத்தின் ஆழ அளவீடு. படகிலிருந்து ஒலியலை அனுப்பி அடித்தளத்தை அளந்து, பழைய அளவீட்டோடு ஒப்பிட்டால் இடையில் சேர்ந்த வண்டல் தெரியும். அதில் தூர் வாரிய மண்ணையும் மதகு வழியே போனதையும் கூட்ட வேண்டும். தெலோம் ஆற்றிலிருந்து சுரங்கம் வழியே திருப்பிவிடும் நீரோடு வந்ததைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தோடும் ஒரு பிழை சேரும். அந்தப் பிழையின் அளவும் தெரிந்திருக்க வேண்டும்.

மொத்தக் கணக்கு பொருந்துவதும் போதாது. முற்றிய தேயிலை மண்ணைப் பிடித்து வைக்கும். வெறுமனே கிடக்கும் காய்கறிப் பாத்தி கரையும். மாதிரி தேயிலைக்குக் கூட்டியும் காய்கறிக்குக் குறைத்தும் சொன்னால்கூட மொத்தம் சரியாக வந்துவிடலாம். ஹாபு, ரிங்லெட் போன்ற கிளையாறுகளைத் தனித்தனியே அளந்தால்தான் அந்தத் தவறு பிடிபடும்.

கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிப்படல மாதிரிகளுக்கும் இதே விதிகள்தான். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு மாற்றத்தைக் கொண்டு பனியின் மொத்த எடை இழப்பை அளந்தன. அதில் அடிப்பாறை மெல்ல உயர்வதன் பங்கைக் கழித்தாக வேண்டும். சில நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த பரப்பை அவை பிரித்துக் காட்டாததால், தனியொரு பனியாற்றின் கணிப்பைச் சோதிக்க உதவாது. 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 லேசரால் பனிமட்டத்தை நுணுக்கமாக அளக்கிறது; ஆனால் மட்டம் இறங்கியது பனி குறைந்ததாலா, மேற்பனி இறுகியதாலா என்பதை உயரம் மட்டும் சொல்லாது.

மாதிரியைச் சீர்செய்யப் பயன்பட்ட தரவையே அதற்குச் சாட்சியாக நிறுத்தக் கூடாது என்பது கடைசி விதி. பனி நகரும் வேகத்தை வைத்துத்தான் பல மாதிரிகளில் அடித்தள உராய்வைக் கணக்கிடுகிறார்கள். அதே வேகம் பிறகு பொருந்துவதில் வியப்பில்லை. வேறு ஆண்டுகளின் அளவீடு வேண்டும்.

ஒரு மாதிரி சரியென்று யாராவது சொன்னால் கேட்க வேண்டியவை இவை: எதை அளந்தார்கள், பிழை எவ்வளவு, அந்தத் தரவு மாதிரிக்குள் முன்பே புகுந்துவிட்டதா? இவற்றுக்குப் பதில் சொல்லாத ஒப்பீட்டை ஏற்க வேண்டியதில்லை.