கோப்பை பெரியது, கை சிறியதாக இருக்கட்டும்

கலிஃபோர்னியாவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்திருக்கிறீர்கள். பக்கத்துக் கடைத்தொகுதியில் ஃபுரோசன் யோகர்ட் (உறைந்த தயிர்) கடை ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறது, போகலாம் வாருங்கள் என்று பேரப்பிள்ளைகள் இழுக்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் கல்லாவில் நின்று "ரெண்டு கப் கொடுங்க" என்று கேட்கும் கடையல்ல இது. இங்கே பரிமாறுகிறவரே நீங்கள்தான்.

நேரம் முதலில். புதுக்கடை என்றால் வெள்ளி, சனி இரவுகளில் கூட்டம் அலைமோதும். 2005-இல் வெஸ்ட் ஹாலிவுட்டில் பிங்க்பெரி என்ற ஃபுரோசன் யோகர்ட் நிறுவனத்தின் முதல் கடை திறந்தபிறகு, வந்தவர்களின் கார்களால் அந்தச் சின்னத் தெருவே திணறியது. கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனவர்கள் அபராதச் சீட்டும் வாங்கினார்கள். வாரநாளில் மதியம் மூன்று மணிவாக்கில் போனால் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். திறப்பு வாரத்தில் சலுகை ஏதாவது இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துவிடுங்கள்; உள்ளே போனபின் சலுகைப் பலகை கண்ணில் படாது.

நுழைந்ததும் காலிக் கோப்பைகள் அடுக்கியிருக்கும். சிறியது என்று தருவதே நம் வீட்டுச் சாம்பார்க் கிண்ணத்தைவிடப் பெரிதாக இருக்கும். சுவரோடு சுவராக இயந்திரங்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் மூன்று பிடிகள்: இரு ஓரங்களிலும் இரண்டு சுவை, நடுப்பிடியை இழுத்தால் இரண்டும் பின்னிக்கொண்டு வரும். உடனே கோப்பையை நீட்டாதீர்கள். சுவை பார்க்கக் குட்டிக் கிண்ணம் வேண்டும் என்று ஊழியரிடம் கேளுங்கள், தருவார்கள். அதற்குக் காசு இல்லை, கூச்சமும் வேண்டாம். பிடியை மெதுவாக இழுங்கள். நிறுத்தும்போது முழுவதுமாக மேலே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் சொட்டிக்கொண்டே இருக்கும். தயிர் கெட்டியாகச் சுருண்டு விழாமல் தண்ணீராக ஓடினால், இயந்திரத்தில் இப்போதுதான் கலவை ஊற்றியிருக்கிறார்கள், இன்னும் உறையவில்லை என்று அர்த்தம். வேறு சுவைக்குப் போங்கள், பத்து நிமிடம் கழித்துத் திரும்புங்கள்.

எந்தச் சுவை? சாக்லேட், கேக் மாவு, உப்பு கேரமல் என்று வரிசையாக இருக்கும். அவையெல்லாம் ஐஸ்கிரீம் ஆகப் பார்த்துக் கொஞ்சம் தோற்றவை என்பது என் கருத்து. அமெரிக்கச் சட்டப்படி ஐஸ்கிரீமில் பால்கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். ஃபுரோசன் யோகர்ட்டில் பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. அந்த வழவழப்பை இதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு 'டார்ட்' என்று எழுதியிருக்கும் புளிப்பு வகைதான் சரி. அமெரிக்காவில் இந்தப் புளிப்புக்கு வயது குறைவு. 1981-இல் அர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக்கில் தொடங்கிய டிசிபிஒய், 'இது தயிராக இருக்கவே முடியாது' என்று பொருள்படும் பெயரோடுதான் வியாபாரத்துக்கு வந்தது. தயிர்போல் இல்லை என்பதே அன்றைக்கு விளம்பரம்! போட்டிக் கடை ஒன்று வழக்குப் போட்டதால், எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, நாட்டின் சிறந்த தயிர் என்று விரிவை மட்டும் மாற்றினார்கள். புளிப்பை மறைக்காமல் விற்கும் வழக்கம் தென்கொரியாவின் ரெட் மேங்கோவும் பிங்க்பெரியும் வந்தபிறகே பரவியது.

அடுத்து டாப்பிங் மேடை. பணம் கரையும் இடம் இதுதான். பழத்துண்டு, கொட்டைகள், பிஸ்கட் தூள், மிட்டாய் எல்லாம் ஒரே விலை. எல்லாமே தராசில் தயிரோடு சேர்த்து நிறுக்கப்படும். கனமான பிரவுனித் துண்டுகளும் குழம்பாக ஊற்றும் சாக்லேட்டும் எடையை ஏற்றிவிடும். மோச்சி என்ற குட்டி வெள்ளைக் கட்டிகள் பசையரிசி மாவில் செய்தவை, புளிப்போடு அருமையாகச் சேரும். கடித்தால் சாறு வெடிக்கும் பாப்பிங் போபாவின் தோல் பொதுவாகக் கடற்பாசிச் சத்தில் ஆனது.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரடி வடிவ கம்மி மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சில கடைகளின் தயிர்க் கலவையிலும் கெட்டிப்படுத்த அதைச் சேர்க்கிறார்கள். பொருள்பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை கூட வந்தால் மேடையையே தவிர்ப்பது நல்லது. ஒரு தொட்டியின் கரண்டி இன்னொன்றில் விழுவது சகஜம்.

தயிர்தானே, உடம்புக்கு நல்லது என்று சர்க்கரை நோயாளிகள் ஏமாற வேண்டாம். இதில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை, கலவை பாறையாக உறையாமல் இளகியிருக்கவும் அது தேவை. சர்க்கரை சேர்க்காத வகை சில கடைகளில் கிடைக்கும். ஆனால் மாற்று இனிப்புகள் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், முதல் நாள் கொஞ்சமாகப் பாருங்கள். நல்ல பாக்டீரியா உறைந்தாலும் பெரும்பகுதி சாவதில்லை, மயங்கிக் கிடக்கும். ஆனால் அமெரிக்கத் தயிர் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த முத்திரைக்குச் சாதாரணத் தயிரில் கிராமுக்கு 10 கோடி பாக்டீரியா வேண்டும், உறைந்த தயிருக்கு 1 கோடி போதும். மருந்தாக நினைத்துச் சாப்பிட வேண்டியதில்லை.

இனி தராசு. விலை அவுன்ஸ் கணக்கில், அதாவது சுமார் 28 கிராமுக்கு. பலகையில் 70 சென்ட் என்று போட்டிருந்தால் அற்பமாகத் தெரியும். கோப்பையில் 12 அவுன்ஸ் ஏறினால் 8 டாலர் 40 சென்ட். நான்கு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். கோப்பையின் அடிப்பாகம் மட்டும் நிறையும்படி எடுத்தால் பாதியில் முடியும். குழந்தைகளுக்கு முதல் சுற்றை நீங்கள் பிடித்துக் கொடுங்கள், அவர்கள் கையில் பிடி சிக்கினால் கோபுரம் கட்டிவிடுவார்கள். வெறுங்கோப்பையின் எடையைத் தராசு கழித்துக்கொள்ளும். அட்டையைத் தேய்த்ததும் திரை டிப் கேட்கலாம். நீங்களே பரிமாறிக்கொண்ட கடையில் வேண்டாம் என்று தொட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உறைபெட்டியில் வைப்பது வீண். மறுநாள் பனித்துகளும் கட்டியுமாகத்தான் இருக்கும். முதல் தடவைக்கு ஒரு கை டார்ட், நாலு மாம்பழத் துண்டு, கொஞ்சம் மோச்சி போதும். சாக்லேட் வகையறாவைப் பேரப்பிள்ளைகளின் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.