முதல் ஸ்கெட்ச் காமெடி: எழுதுவதிலிருந்து மேடை வரை முழுமையான வழிகாட்டி

'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியில் கதை என்று எதுவுமே இல்லை. இரண்டு பழம் வாங்கிவரச் சொன்ன கவுண்டமணி, ஒன்றை மட்டும் நீட்டும் செந்திலிடம் இன்னொன்று எங்கே என்று கேட்கிறார். நீட்டியதுதான் அந்த இன்னொன்று என்று செந்தில் சாதிக்கிறார். கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. கோபம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஸ்கெட்ச் எழுத வருகிறவர்களுக்குத் தமிழில் இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன். ஒரே ஒரு வேடிக்கை, இரண்டு மூன்று பேர், சில நிமிடங்கள். அவ்வளவுதான் ஸ்கெட்ச்.

படி 1: ஒரு கோணலைப் பிடியுங்கள்

விஜய் டிவியின் 'லொள்ளு சபா' சினிமாவைப் பகடி செய்தது. பகடி ரசிக்கப்பட, பார்ப்பவர் மூலப்படத்தை அறிந்திருக்க வேண்டும். அதனால் தொடக்கத்துக்கு நம் தெருவே போதும். 'பரிதாபங்கள்' யூடியூப் சேனலின் கோபியும் சுதாகரும் அன்றாடம் பார்க்கும் மனிதர்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கல்யாணப் பந்தி, வாடகைக்கு வீடு தேடுவது, ரேஷன் கடை வரிசை என்று எங்காவது ஓர் ஆள் விசித்திரமாக நடந்துகொள்வார். அந்தக் கோணலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வாக்கியம் நீண்டுகொண்டே போனால் கையில் இருப்பது இரண்டு ஸ்கெட்ச், ஒன்றை எடுத்துவையுங்கள்.

படி 2: ஏற்றிக்கொண்டே போங்கள்

ஒரு மாதிரி: கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவர் தன் இடத்தை வங்கிபோல நடத்துகிறார். முதலில் டோக்கன் தருகிறார். இது சாதாரணம், யாரும் சிரிக்கமாட்டார்கள், சிரிக்கவும் வேண்டாம். அடுத்து ஆதார் நகல் கேட்கிறார். பிறகு செருப்புக்கு நாமினி யார் என்கிறார். கடைசியில் அந்தப் பழைய செருப்பின் பேரில் கடன் தர முன்வருகிறார். எல்லாம் ஒரே கோணல், ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே. நாமினியை முதலிலேயே கேட்டுவிட்டால் அதற்குமேல் ஏற இடமிருக்காது. நடுவில் பூக்காரம்மாவை வைத்து வேறொரு ஜோக் தோன்றினால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கே சேர்க்காதீர்கள்.

படி 3: எதிரில் ஒரு நியாயமான ஆள்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். எல்லோரும் கோமாளியாக இருந்தால் கோணல் கோணலாகவே தெரியாது. கவுண்டமணியின் கோபம் நியாயமானது. அதனால்தான் செந்திலின் பதில் சிரிக்கவைக்கிறது. செருப்பு பார்த்துக்கொள்பவருக்கு எதிரில் ஒரு பெரியவரை நிறுத்துங்கள். அவருக்கு அவசரம் இருக்கட்டும்: இன்னும் சில நிமிடத்தில் நடை சாத்திவிடுவார்கள். இப்போது ஒவ்வொரு படிவமும் அவரைத் தவிக்கவைக்கும். செருப்பு பார்த்துக்கொள்பவர் தன் வேலையை முழு மனதோடு நம்ப வேண்டும். அவர் கண்சிமிட்டினால் எல்லாம் போச்சு.

படி 4: உரக்கப் படித்து வெட்டுங்கள்

கிரேஸி மோகன் நாடகங்களில் வரிக்கு வரி சிரிப்பு வரும். அது நெடுங்கால உழைப்பில் வந்த கைத்திறன். முதல் ஸ்கெட்சில் அதற்கு ஆசைப்பட வேண்டாம். மூன்று நிமிடம் போதும். நண்பர்களோடு வட்டமாக உட்கார்ந்து பாத்திரம் பிரித்துப் படியுங்கள். வேடிக்கை தொடங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் தொடக்கத்தை வெட்டுங்கள்.

படிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். நிறம், உடல் பருமன், சாதி, பெண்வேடம் ஆகியவற்றைக் காட்டிச் சிரிக்கவைக்கும் பழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. அது பார்வையாளர்களில் யாரோ ஒருவரைத் தலைகுனியவைக்கிறது. கோணல் செய்கையில் இருக்கட்டும். அதிகாரம் உள்ளவரின் செய்கை என்றால் இன்னும் நல்லது.

படி 5: ஒத்திகை

வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டு எழுந்து நின்று நடியுங்கள். சிரிப்பு வரும் இடத்தில் காத்திருக்கப் பழகுங்கள். அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கக்கூடாது. மொபைலில் எடுப்பதாக இருந்தால் படத்தைவிட ஒலிக்குச் செலவிடுங்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் போதும்.

படி 6: முடிப்பதும் மேடையேற்றுவதும்

முடிவு பலருக்கும் தலைவலி. 1969இல் பிபிசியில் தொடங்கிய மான்ட்டி பைத்தான் குழு, முத்தாய்ப்பு வசனமே இல்லாமல் பல ஸ்கெட்சுகளை நிறுத்திவிட்டு அடுத்ததற்குத் தாவியது. நீங்களும் உச்சத்திலேயே விளக்கை அணைத்துவிடலாம். பெரியவர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது கோயில் மணி அடிக்கிறது, நடை சாத்துகிறார்கள், இருட்டு.

கல்லூரி விழாவோ குடியிருப்பின் பொங்கல் விழாவோ, கிடைத்த மேடையில் ஏறுங்கள். ஒருவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, சிரிப்பு வந்த வரிகளையும் வராத வரிகளையும் பிரதியில் குறிக்கச் சொல்லுங்கள். வராதவற்றை எடுத்துவிட்டு, உங்களை அறியாத வேறொரு கூட்டத்தின்முன் அதே ஸ்கெட்சை மறுபடி போடுங்கள்.