ஒரே துண்டு, ஊருக்கு ஒரு பெயர்

(மனையியல் பிரிவு மாணவியர், 12-ஆம் வகுப்பு)

நம் பள்ளியில் பயின்று, இன்று லண்டனில் செவிலியராகப் பணிபுரியும் அக்கா ஒருவர் எங்கள் மனையியல் ஆசிரியைக்குக் கடிதம் எழுதியிருந்தார். தம்முடன் பணிபுரியும் தோழியருக்கு விருந்து வைக்க எண்ணி, அமெரிக்கச் சமையல் நூல் ஒன்றைப் புரட்டினாராம். அதில் 'லண்டன் பிராய்ல்' என்றொரு பதார்த்தம் இருந்தது. அதற்கு மாட்டிறைச்சியில் 'டாப் ரவுண்டு' என்னும் துண்டு வேண்டும் என்று கண்டிருந்தது. ஆனால் லண்டன் கடைக்காரருக்கோ இவ்விரு பெயர்களும் விளங்கவில்லை. தொடைக்கறி வேண்டும் என்பதை மட்டும் புரிந்துகொண்டு 'சில்வர்சைடு' என்ற துண்டை வெட்டிக் கொடுத்தார். நூலில் சொன்னபடியே கடுந்தீயில் சிறிது நேரம் வாட்டிப் பரிமாறியபோது, மெல்ல முடியாத அளவுக்கு அது தோல்போல் இருந்ததாம். "ஒரு வாரம் சேர்த்த பணம் வீணாயிற்று. நான் கேட்டிருக்க வேண்டிய பெயர் எது?" என்று அக்கா வினவியிருந்தார்.

எங்கள் வகுப்பில் மாட்டிறைச்சி உண்ணும் வீட்டாரும் உண்டு, உண்ணாத வீட்டாரும் உண்டு. எனினும் அக்காவின் கேள்வி எங்கள் அனைவரையும் சிந்திக்க வைத்தது. அதற்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் பெயர்களை அகராதியில் தேடினோம், பயன் இல்லை. பிறகு மாட்டின் உடலமைப்புப் படத்தை எடுத்துக்கொண்டோம். மாடு எந்த நாட்டில் வளர்ந்தாலும் அதன் எலும்பும் தசையும் ஒன்றே. விலா எலும்புகள் 13 இணைகளே. வெட்டும் கோடுகளும் வைக்கும் பெயர்களுமே வேறுபடுகின்றன.

பின்தொடையின் உட்புறத் தசையை அமெரிக்கர் 'டாப் ரவுண்டு' என்பர். ஆங்கிலேயர் 'டாப்சைடு' என்பர். காலை மேசைமேல் கிடத்தும்போது அது மேற்புறமாக அமைவதால் அப்பெயர். தொடையின் வெளிப்புறத் தசையே 'சில்வர்சைடு'. அதன்மேல் வெள்ளிபோல் மின்னும் சவ்வு படர்ந்திருப்பதே பெயர்க் காரணம். அமெரிக்காவில் அது 'பாட்டம் ரவுண்டு'. இங்கிலாந்தில் அதை உப்பில் ஊறவைத்து நெடுநேரம் வேகவைப்பது பழைய வழக்கம். ஆகவே அக்கா கேட்டிருக்க வேண்டியது 'டாப்சைடு'. 'லண்டன் பிராய்ல்' என்பதோ அமெரிக்கரே வைத்த பெயர். லண்டன் கடைக்காரர் அதை அறியாததில் வியப்பில்லை!

அறியாத பெயரைவிட, அறிந்த பெயரே அதிகம் ஏமாற்றும் என்பதையும் கண்டோம். 'சர்லாய்ன்' என்ற சொல் இரு நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தில் அது விலாவுக்குப் பின்னுள்ள மென்மையான முதுகுப் பகுதி. அமெரிக்காவில் அது அதற்கும் பின்னே, இடுப்பை ஒட்டிய பகுதி. ஆங்கிலேயர் அதனை 'ரம்ப்' என்பர். அரசர் ஒருவர் இத்துண்டின் சுவையில் மயங்கி 'சர்' பட்டம் அளித்தார் என்பது வெறும் கதையே. 'இடுப்புக்கு மேல்' எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லே இப்படி மருவியது.

ஒரே மொழி பேசுவோரும் ஒன்றுபடவில்லை. ஸ்பானிய மொழியில் 'லோமோ' என்று அர்ஜென்டினாவில் கேட்டால், முதுகெலும்பின் அடியிலுள்ள மிக மென்மையான தசை கிடைக்கும். அதையே ஸ்பெயின் நாட்டார் 'சொலொமீயோ' என்பர். அங்கே 'லோமோ' என்றால் முதுகுக்கறி. அமெரிக்காவில் 'ஃபிலே மின்யோன்' என்பது அந்த மென்தசையிலிருந்து வெட்டிய மாட்டிறைச்சித் துண்டு. பிரான்சில் அப்பெயர் பெரும்பாலும் பன்றி இறைச்சியைக் குறிக்கும்!

பெயர் மாறும்போது சமையலும் மாறுவதுண்டு. இடுப்பின் மேல், கொழுப்புப் படலத்துடன் இருக்கும் துண்டைப் பிரேசில் நாட்டார் 'பிகானியா' என்று அழைத்து, கம்பியில் கோத்துத் தணலில் சுடுவர். ஆஸ்திரியாவில் அதுவே 'டாஃபல்ஷ்பிட்ஸ்'. காய்கறிகளுடன் நீரில் மெதுவாக வேகவைப்பர். பேரரசர் பிரான்ஸ் ஜோசப் (1830–1916) விரும்பி உண்ட உணவென்று அது புகழ் பெற்றது.

இத்தனை குழப்பத்திலும் வழிகாட்டுவது ஓர் எளிய விதி: அதிகம் உழைக்கும் தசை கடினமானது, குறைவாக உழைக்கும் தசை மென்மையானது. மாட்டுக்குக் காறை எலும்பு இல்லை. ஆதலால் முன்னுடலின் பாரத்தைத் தாங்குவதில் நெஞ்சுத் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. 'பிரிஸ்கட்' எனப்படும் அந்த நெஞ்சுக்கறியில் இணைப்புத் திசு மிகுதி. குறைந்த தீயில் பல மணி நேரம் வேகும்போது அத்திசு ஜெலட்டினாக இளகி, கறி பதமாகும். அவசரப்பட்டால் கெடும்.

நாடு விட்டு நாடு வணிகம் செய்வோர் பெயரை நம்புவதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் வகுத்துள்ளது. மேலே சொன்ன மிக மென்மையான தசைக்கு 2150. அதன் அருகே முதுகெலும்பின் மேலுள்ள தசைக்கு 2140.

அக்காவுக்கு நாங்கள் எழுதிய பதில் இதுதான்: "கடைக்காரரிடம் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். உடலின் எந்த இடம், எப்படிச் சமைக்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் சொல்லுங்கள். கூடுமானால் படத்தைக் காட்டுங்கள்." நம்மில் பலர் நாளை படிப்புக்காகவும் பணிக்காகவும் வேற்று நாடு செல்லக்கூடும். அங்கே பழகிய சொல் காதில் விழுந்தவுடன் பொருளும் பழகியதே என்று எண்ணிவிடலாகாது. தயங்காமல் இன்னொரு முறை கேட்பதில் வெட்கம் ஏதும் இல்லை.

அக்காவிடமிருந்து மறுமொழி வந்துவிட்டது. இம்முறை டாப்சைடு வாங்கி, ஊறவைத்து வாட்டி, இழைக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து பரிமாறினாராம். தட்டில் ஒரு துண்டும் மிஞ்சவில்லையாம்!