பெயர் வேண்டாம், விலாசம் வேண்டும்

சென்ற மாதம் ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். இருபத்து மூன்று வயது. பிரதிலிபி செயலியில் நாலு தொடர் எழுதி முடித்துவிட்டாளாம். "பாட்டி, காதல் கதை எழுத என்னெல்லாம் தெரியணும்?" என்று கேட்டாள். காபி ஆறும்வரை ஏதேதோ உளறினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அதைத்தான் இங்கே எண் போட்டு எழுதுகிறேன். எழுபத்தெட்டு வயதில் எண் போடாவிட்டால் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

1. ஒரு வேலைக்குப் போங்கள். எழுத்தைத் தவிர ஒரு வேலை.

நான் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராக இருந்தேன். எஸ்.டி.டி. பரவாத காலம் அது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் புக் செய்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. காசு ஏற ஏறக் காத்திருப்பு குறையும். இன்னாரை மட்டும் கூப்பிட்டுக் கொடு என்றால் அது பி.பி. கால். மூன்று நிமிஷம் ஒரு கணக்கு. முடிகிற நேரத்தில் நாங்கள் நடுவில் நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?" என்று கேட்போம். ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் குரல் போகிறதா, லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் காதில் வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தக் கொஞ்சத்தில்தான் நான் வசனம் கற்றுக்கொண்டேன்.

கணவன் வடக்கே எங்கோ வேலையில். மனைவி இங்கே ஒரு கிராமத்தில், தபாலாபீஸ் போனில். இரண்டே முக்கால் நிமிஷம் பூராவும் மாமியார் மாத்திரை, பையன் பள்ளிக்கூடப் பணம், ஓடு மாற்ற வேண்டிய கூரை. நான் நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சு" என்றதும் இரண்டு பக்கமும் மௌனம். அப்புறம் அவள் அவசரமாக, "சாப்பிட்டீங்களா?" என்பாள். அதோடு லைன் போய்விடும். இப்படி எத்தனை பேர்! "நான் உன்னை உயிராய் நேசிக்கிறேன்" என்று எந்தத் தம்பதியும் அந்த லைனில் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் எழுதும் நாவலில் மட்டும் எப்படி அத்தியாயத்துக்கு இரண்டு தரம் சொல்கிறார்கள்?

2. காதலுக்கு ஒரு விலாசம் கொடுங்கள்.

நான் சொல்லவருவதில் முக்கால்வாசி இதுதான். தொல்காப்பியர் அகத்திணைக்கு என்ன சட்டம் போட்டார் என்று பாருங்கள். காதலர்களின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் நிலத்தைச் சொல்ல வேண்டும், பொழுதைச் சொல்ல வேண்டும். கூடுவதென்றால் மலை, நள்ளிரவு. காத்திருப்பதென்றால் காடு, கார்காலம், சாயங்காலம். பிரிவென்றால் பாலை, உச்சிவெயில். மரம், பறவை, பூ எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

இப்போது வருகிற கைப்பிரதிகளில் இது அப்படியே தலைகீழ். பெயருக்கு மூன்று நாள் யோசித்து ஆரவ், அதிரன், மிருதுளா என்று வைக்கிறீர்கள். அவர்கள் எந்த ஊர், அந்த ஊரில் காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் தெரியவில்லை. நாயகன் "பிசினஸ் சாம்ராஜ்யத்தின் முடிசூடா மன்னன்". என்ன பிசினஸ்? போர்வெல்லா, பின்னலாடையா, கோழித்தீவனமா? திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவனுக்குப் பஞ்சுத் தூசியில் இருமல் வரட்டும், ஆர்டர் கப்பலேறும் வாரத்தில் தூக்கம் கெடட்டும். அந்த வாரத்தில் அவன் அவளுக்குப் போன் செய்ய மறந்தால் ஊடலுக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

விலாசத்தைத் தப்பாகவும் எழுதக் கூடாது. என் இரண்டாவது நாவலில் கதாநாயகி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறாள். கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறும்போது அந்திச் சூரியன் தண்ணீரில் சிவக்கிறது, அவள் அழுகிறாள். எனக்கே படித்துப் படித்துக் கண் கலங்கிய இடம். புத்தகம் வந்த பத்தாம் நாள் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் கார்டு போட்டிருந்தார். "அம்மணி, மலைக்கோட்டை ராத்திரி வண்டி. சூரியன் அதில் டிக்கெட் எடுப்பதில்லை." நான் ஊரில் இருந்துகொண்டே என் ஊர் ரயிலைத் தவறாக எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வாங்கியதுதான் ஒரு ரயில்வே கால அட்டவணை. எழுதும் மேஜையை விட்டு அது இறங்கியதே இல்லை.

3. விலாசம் வேறு, அடையாளம் வேறு.

இதைக் கற்றுக்கொள்ள நான் ஓர் உறவை இழந்தேன். என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பிரியம் இருந்தது; கைகூடவில்லை. ஒருநாள் கொல்லைப்புறக் கிணற்றடியில் உட்கார்ந்து என்னிடம் எல்லாம் சொன்னாள். நான் கதையாக்கினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், சாதியை மாற்றினேன். ஆனால் அவள் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டும் தழும்பை விட மனம் வரவில்லை. அத்தனை அழகான தழும்பு. கதை வந்த வாரமே அவள் புகுந்த வீட்டில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் என்னிடம் சண்டைகூடப் போடவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். பதினோரு வருஷம்.

நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணவன் பாசறையில், மனைவி அரண்மனையில், நடுவே வாடைக்காற்று. முழுக்க முழுக்கப் பிரிவுப் பாட்டு. ஆனால் அதில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியன் மாலை. அடையாளம் வந்துவிட்டது, ஆகவே இது புறம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழை ஒரு பாட்டின் வகையையே மாற்றிவிடும் என்றால், ஒரு தழும்பு என்ன செய்யாது? உங்களுக்குத் தெரிந்தவர் வாழ்க்கையிலிருந்து எடுங்கள், வேறெங்கிருந்து எடுக்க முடியும்? முடித்தபின் ஒருமுறை வேப்பந்தழைகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

4. தோழிக்கு வேலை கொடுங்கள். சங்கப் பாட்டில் பாதிக் காரியம் அவள் கையில்தான்: செய்தி சொல்வாள், அவனை மிரட்டுவாள், தாயிடம் பொய் சொல்வாள். உங்கள் கதைத் தோழி கேன்டீனில் உட்கார்ந்து, "என்னடி, அவரையே பாத்துட்டிருக்கே?" என்று கண்ணடிப்பதோடு சரி. பாவம்.

5. "எழுத நேரமில்லை" என்று என்னிடம் சொல்லாதீர்கள். கோபம் வரும்.

வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் கல்யாணம். தமிழ் எழுதப் பழகாத காலத்தில், மனதில் இருந்ததைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்து உருவானது 'இந்திர மோகனா' நாடகம். அப்புறம் எழுதக் கற்று, 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். எழுத்தாளர் லட்சுமி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தவர். படிப்புச் செலவுக்காக ஆனந்த விகடனில் கதை எழுதினார். இருபது வருஷத்துக்கு மேல் தென்னாப்பிரிக்காவில் இருந்துவிட்டு 1977இல் திரும்பினார். 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு அவருக்குச் சாகித்ய அகாதமி விருது.

நான் விடிகாலை நாலு மணிக்கு எழுவேன். பால்காரர் மணி அடிக்கும்வரை என் நேரம். அடித்த பிறகு வீட்டுக்காரர் நேரம், குழந்தைகள் நேரம், எக்ஸ்சேஞ்ச் நேரம். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். அடுப்படியில் மண்ணெண்ணெய் வாசனையோடு எழுதியதால் என் தாள்களில் எண்ணெய்க் கறை இருக்கும். ஒரு உதவி ஆசிரியர் அதைப் பார்த்தே என் கையெழுத்துப் பிரதி என்று கண்டுபிடிப்பாராம்.

6. முரட்டு நாயகனை விடுங்கள்.

ஆன்டி ஹீரோ என்று இப்போது பெயர் வைத்திருக்கிறீர்கள், சரக்கு பழையதுதான். முதல் அத்தியாயத்தில் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவான், ஐந்தாவதில் அறைவான், கடைசியில் "உன் மேல் இருந்த காதல்தான் கோபமாய் வெளிப்பட்டது" என்பான். அவள் மார்பில் சாய்வாள். முற்றும். நானும் ஒன்று எழுதியிருக்கிறேன், நன்றாக விற்றது. அதைப் படித்துவிட்டு ஓர் அம்மாள் இன்லண்டு லெட்டர் எழுதினார். ஊர் பெயர் இல்லை. "என் வீட்டுக்காரரும் உங்கள் கதாநாயகன் மாதிரியேதான் அம்மா. பதினாலு வருஷமாகக் கடைசி அத்தியாயத்துக்குக் காத்திருக்கிறேன்" என்று இருந்தது. பதில் எழுத விலாசம் இல்லாமல் போனதில் எனக்கு அன்று ஒரு கோழைத்தனமான ஆறுதல்கூட ஏற்பட்டது. அந்த நாவலை மறுபதிப்புக்கு நான் தருவதில்லை. நீங்கள் எழுத வேண்டாம் என்று தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அந்தக் கடிதம் உங்கள் பெயருக்கும் வரும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

7. கணக்கு எழுதிவையுங்கள். எந்தக் கதை, எந்தத் தேதி, யாருக்குப் போனது, என்ன வந்தது, உரிமை யாரிடம். மாத நாவல் என்பது ஃபாரம் கணக்கு: பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஆறு ஃபாரம் என்றால் 96 பக்கம், ஒரு வரி கூடாது. ஒருமுறை கடைசி நிமிஷத்தில் ஒரு விளம்பரம் வந்ததென்று என் இறுதி அத்தியாயத்தில் நாலு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். போன பக்கம்வரை பேச்சுவார்த்தை இல்லாத இருவர் அடுத்த பக்கத்தில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். பணமும் முழுதாக வரவில்லை. ஒப்பந்தம் எதுவும் எழுதி வாங்காதது என் தப்பு.

8. பொம்பளை நாவல் என்பார்கள். சொல்லட்டும்.

ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயர் அடிபட்டு நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் எங்கள் பகுதி வாடகை நூலகத்தில் அவர் புத்தகத்துக்கு முன்பதிவு உண்டு; அட்டை கிழிந்து, பழுப்புக் காகிதம் ஒட்டி, அதுவும் கிழிந்திருக்கும். அவரிடம் எனக்குக் குறைகள் உண்டு, கோடீஸ்வரர்கள் கொஞ்சம் அதிகம். ஆனால் பகல் சமையல் முடித்துக் கால் நீட்டி உட்காரும் பெண்ணை அரைமணி நேரம் எழுந்திருக்கவிடாமல் வைத்திருப்பது லேசான வித்தையா? முயன்று பார்த்துவிட்டுப் பேசட்டும். இந்த அலட்சியம் புதிதும் இல்லை. ஜேன் ஆஸ்டினுக்காக அவர் அப்பா 1797இல் ஒரு பதிப்பாளருக்குக் கடிதம் போட்டார். பிரதியைப் பார்க்கக்கூட மாட்டேன் என்று கடிதம் திரும்பியது. அந்தக் கதைதான் திருத்தி எழுதப்பட்டு 1813இல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆக வந்தது. நடுவில் பதினாறு வருஷம்.

9. தினம் ஒரு குறுந்தொகைப் பாட்டு. நாலிலிருந்து எட்டு அடிதான், உரையோடு படித்தாலும் பத்து நிமிஷம் ஆகாது. 401 பாட்டு, ஒரு வருஷமும் கொஞ்ச நாளும்.

10. அந்த 23 வயதுப் பெண்ணுக்கும், அவள் மாதிரி மற்றவர்களுக்கும்: முதல் மூன்று அத்தியாயங்களைத் தபாலில் அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வேண்டாம். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, ஆனாலும் எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். தாளின் இடது பக்கம் இரண்டு விரல் ஓரம் விடுங்கள். நான் திருத்த இடம் வேண்டும். உறையின் பின்னால் உங்கள் விலாசத்தைப் பின்கோடோடு எழுத மறக்காதீர்கள்.