இன்டெக்ஸ் இருந்தும் தேடல் ஏன் தாமதம்?

பாரிவாக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மைஎஸ்க்யூஎல்லில் கணக்கு எழுதிக் கொடுத்தேன். பில் வரிகளே சில லட்சம், கம்ப்யூட்டரோ பழசு. போன் நம்பர் தட்டினால் பாக்கி வரவே நேரமானது. "நோட்டே தேவலைப்பா" என்றார் அண்ணாச்சி. எங்கள் வீட்டில் முதலில் படிக்கிறவன் நான். அம்மாவும் பக்கத்தில் நின்றிருந்தார்.

இன்டெக்ஸ் போட்டுத்தானே இருக்கிறோம்? 'எக்ஸ்ப்ளெயின்' கொடுத்துப் பார்த்தேன். 'பாசிபிள் கீஸ்' என்ற இடத்தில் என் இன்டெக்ஸ் பெயர் இருந்தது. 'கீ' என்ற இடத்திலோ 'நல்', அதாவது ஒன்றுமில்லை!

போன் நம்பர் ஃபீல்டு வார்ச்சார். நானோ மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகத் தேடியிருக்கிறேன். '1', ' 1', '1ஏ' மூன்றும் எண்ணாக மாற்றினால் 1தான். எழுத்து வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸில் மூன்றும் வேறு வேறு இடம். அதனால் எல்லா வரியையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறது. (எண் ஃபீல்டை மேற்கோளோடு தேடினால் இந்தத் தொல்லை இல்லை.)

இரண்டு மேற்கோள் குறி போட்டேன், பாக்கி உடனே வந்தது. அண்ணாச்சி நோட்டை இன்னும் கல்லாவுக்குள்தான் வைத்திருக்கிறார்.