மானும் பங்கசும்

கேள்வி: முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறேன். காலபோகப் பயிரைப் புள்ளிமான் மேய்கிறது. மிச்சத்தைக் குலைநோய்ப் பங்கசு அழிக்கிறது. ஒன்று மிருகம், மற்றது தாவரம். இரண்டையும் ஒப்பிட இடமுண்டா?

பதில்: தாராளமாக உண்டு, பங்கசைத் தாவர வர்க்கத்திற் சேர்த்ததை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சூரிய வெளிச்சத்தால் ஆகாரம் ஆக்கும் சக்தி மானுக்கு இல்லாததுபோலவே பங்கசுக்கும் இல்லை என்பதையும், மிஞ்சிய சர்க்கரையை இரண்டும் மாப்பொருளாக அன்றிக் கிளைக்கோசனாகவே சேமிப்பதையும், தாவரங்களின் மூதாதையர் பிரிந்துபோன பின்னரும் இவ்விரு வமிசங்களும் ஒன்றாயிருந்தன எனப் பரம்பரையலகுகளின் ஆராய்ச்சி காட்டுவதையும் நோக்குமிடத்து, அந்தப் பங்கசு நெல்லைக்காட்டிலும் மானுக்கே நெருங்கிய பந்து என்பது பெறப்படும்.

வித்தியாசமெல்லாம் போசன விதத்தில்தான். மான் இலையை விழுங்கி, நான்கு அறைகொண்ட இரைப்பையிலிட்டு, ஆறுதலாக அசைபோடுகிறது. பல்லில்லாத பங்கசோ, பனி படிந்த இலையில் விழுந்த நுண்ணிய வித்தியிலிருந்து கறுத்த குமிழொன்றை உண்டாக்கி, மோட்டார் வண்டிச் சில்லின் காற்றைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு அமுக்கத்தை, அதாவது 80 வளிமண்டலத்தை, அதனுள் ஏற்றி, இலைத்தோலைத் துளைத்துப் புகுந்து, நொதியங்களைச் சுரந்து, தன் உடலுக்கு வெளியிலேயே சீரணித்துச் சாற்றை உறிஞ்சுகிறது. (அசுர பலம் என்பது இதுதான் போலும்.)

இன்னுமொரு விசித்திரம்: செம்மறியாட்டின் இரைப்பையிலேயே பங்கசுகள் வாழ்வதை 1975இல் கொலின் ஓர்ப்பின் என்னும் விஞ்ஞானி வெளிப்படுத்தினார், மான் முதலிய அசைபோடும் பிராணிகளுக்கும் புல்லின் நாரைச் சிதைக்க இத்தகைய பங்கசுகள் உதவுகின்றன.

மானை வேலி தடுக்கும். காற்றில் வரும் வித்தியைத் தடுக்காது. ஆகையால் யூரியாவை அளவுக்குமேல் இடாதீர்கள். அது பங்கசுக்கு வைக்கும் விருந்து.