ஆங்கிலம் பேசினால் புரியவில்லையா? உங்கள் கம்ப்யூட்டர் உதவும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம்தான் இந்த மாதப் பாடத்திற்குக் காரணம். பட்டப் படிப்பு முடித்தவர். வீட்டிற்குக் கம்ப்யூட்டர் இப்போதுதான் வந்துள்ளது. அதில் வீடியோ நேர்காணல் ஒன்றில் கலந்து கொண்டிருக்கிறார். ஊரைப் பற்றிக் கேட்டதும், அதே மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறார். எதிர்முனையில் இருந்தவர் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம். "இலக்கணம் தெரியும், சொற்களும் தெரியும். நான் பேசினால் மட்டும் புரியவில்லை. அடுத்த நேர்காணலுக்கு ஒரு மாதம் இருக்கிறது. கம்ப்யூட்டர் உதவுமா?" என்று கேட்டுள்ளார்.

உதவும். ஆனால் ஒன்றை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். லண்டன்காரர் போலப் பேசுவது நம் நோக்கம் அல்ல. தமிழ் வாடை இருப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கேட்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எந்த அளவு புரிகிறது என்பது பற்றிய ஆர்.கே. பன்சலின் ஆய்வு, 1969ல் ஹைதராபாத் மத்திய ஆங்கில நிறுவனத்தில் வெளியானது. சொல்லில் அழுத்தம் இடம் மாறுவது, புரியாமல் போவதற்கு ஒரு முக்கிய காரணம் என்று அது காட்டியது. எனவே எல்லாவற்றையும் திருத்த வேண்டாம். மூன்று இடங்களைக் கவனித்தால் போதும்.

1. அழுத்தம்

தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே பலத்துடன் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லில் ஒரு அசை மட்டும் நீண்டு, உரக்க ஒலிக்கும்; மற்றவை தேய்ந்துவிடும். டெலிஸ்கோப் என்பதில் முதல் அசையான 'டெ' மீது அழுத்தம். அஸ்ட்ரானமி என்பதில் 'ட்ரா' மீது. வானாய்வகத்தைக் குறிக்கும் அப்ஸர்வட்ரி என்ற சொல்லில் 'ஸர்' மீது. ஷன் என முடியும் சொற்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஷன்னுக்கு முந்திய அசையை அழுத்தவும்: எஜுகேஷனில் 'கே', இன்ஃபர்மேஷனில் 'மே'.

2. சொல்லின் முதல் எழுத்து

குளிருக்கு அணியும் கோட்டையும் ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'கோட்' தான்! நம் எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆகவே ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, காதால் கேட்டுப் பழகவும். ஒரு சோதனை: வாய்க்கு முன் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக் கொண்டு, குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்று சொல்லவும். காற்று பட்டுக் காகிதம் அசைய வேண்டும். குப்பைத் தொட்டியைக் குறிக்கும் 'பின்' சொல்லும்போது அப்படி அசையக் கூடாது.

3. சொல்லின் முடிவு

புக் என்பதைப் புக்கு என்றும், பஸ் என்பதைப் பஸ்ஸு என்றும் முடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கடைசியில் ஒட்டும் இந்த 'உ'வை நீக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் பயிற்சி

ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோடு செய்து நிறுவிக் கொள்ளவும். பின் கேம்பிரிட்ஜ் டிக்ஷனரி தளத்தில் ஒரு சொல்லைத் தேடவும். ஸ்பீக்கர் படத்தில் கிளிக் செய்தால் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகளைக் கேட்கலாம். ஏதாவது ஒன்றை மட்டும் பின்பற்றவும்.

இனி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஆடாசிட்டியில் சிவப்பு வட்டம் உள்ள ரெக்கார்டு பட்டனை அழுத்தவும். டிக்ஷனரியைப் பேச விடுங்கள். அது முடிந்தவுடன் அதே சொல்லை நீங்கள் சொல்லுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டி ரெக்கார்டிங்கை நிறுத்தவும். இரண்டு குரல்களும் அலைகளாக அடுத்தடுத்துத் தெரியும்.

இப்போது ஒப்பிடுங்கள். டிக்ஷனரியின் அலையில் அழுத்தம் உள்ள அசை பெரும்பாலும் உயரமாகவோ அகலமாகவோ இருக்கும். உங்கள் அலையில் எல்லா மேடுகளும் ஒரே அளவா? சொல்லின் கடைசியில் கூடுதலாக ஒரு சிறு மேடு தெரிந்தால், அதுதான் அந்த 'உ'. திருத்தி மீண்டும் பதியவும். பைல் மெனு வழியாகச் சேமித்துக் கொண்டால், சிக்னல் கிடைக்காத நேரத்திலும் பயிற்சி தொடரலாம். ஆடாசிட்டிக்கு இன்டர்நெட் தேவையில்லை.

விண்டோஸ் 11ல் இன்னொரு சோதனையும் செய்யலாம். நோட்பேடைத் திறந்து, கீபோர்டு மொழி ஆங்கிலமாக இருக்கும்போது விண்டோஸ் கீயுடன் எச் கீயை அழுத்தவும். நீங்கள் பேசுவது எழுத்தாக வரும். இதற்கு இன்டர்நெட் வேண்டும். முழு வாக்கியமாகப் பேசினால் புரோகிராம் இடம் பார்த்து ஊகித்துவிடும். ஆகவே தனிச் சொற்களாகவும் சொல்லிப் பார்க்கவும். அது தவறாக எழுதினால் மனம் தளர வேண்டாம்; அதுவும் தவறு செய்யும்.

முப்பது நாள் திட்டம்

தினமும் 15 நிமிடம், ஐந்து சொற்கள் போதும். வாசகிக்கு ஒரு யோசனை. காவலூரைப் பற்றி ஒரு நிமிடம் பேசி முதல் நாளே பதிந்து வைக்கவும். அங்கு 2.34 மீட்டர் விட்டமுள்ள டெலிஸ்கோப் இருப்பது, 1986ல் அதற்கு வேணு பாப்பு பெயர் சூட்டப்பட்டது, 1988ல் அங்கு கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது எனச் சொல்ல நிறைய இருக்கிறது. முப்பதாம் நாள் அதையே மீண்டும் பதிந்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் இரண்டையும் போட்டுக் காட்டவும். கேட்டதை அவர் எழுதட்டும். இரண்டாவது பதிவில் விடுபட்ட சொற்கள் குறைந்திருந்தால், அடுத்த நேர்காணலுக்கு நீங்கள் தயார். முயன்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.